கழுகுப் பக்கிளின் முதுகு

கந்தவேல் அந்தப் பக்கிளைத் தன் கையாலேயே கொண்டுவந்து சண்முகப்பிரியாவிடம் கொடுத்தார். வேடிக்கையே அதுதான். எந்த வீட்டிலிருந்து எடுத்தாரோ அந்த வீட்டுக்காரியிடமே தூக்கிக்கொண்டு வர ஒரு மனுஷனுக்கு எக்கச்சக்கத் தைரியம் வேண்டும். இல்லாவிட்டால் எதிரில் நிற்பவளை அடிமுட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். கந்தவேலுக்கு இரண்டாவதுதான்.

அவர் சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் பெரிய பட்டுச்சேலைக் கடைக்காரர். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டு வியாபாரத்துக்கு வந்து, கை கொஞ்சம் தாராளமானதும் பழைய பட்டாளத்துச் சாமான் சேர்க்கும் பித்துப் பிடித்தவர். உலகப்போர்க் காலத்துத் தண்ணீர்க் குப்பி, சோற்று டப்பா, தோட்டாப் பை, இரும்புத் தொப்பி என்று கிடைத்ததையெல்லாம் வாரிக்கொள்வார். எல்லாவற்றிலும் உயிர் பெல்ட் பக்கிள்மேல்தான். கடையின் மேல்மாடியை இதற்கென்றே ஒரு காட்சிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த கண்ணாடிப் பெட்டிகள் செய்யும் வேலையைச் சண்முகப்பிரியாவின் பட்டறைக்குக் கொடுத்திருந்தார்.

அவளுக்குத் திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. அப்பா ஆரம்பித்தது, அவருக்குப் பிறகு இவள் நடத்துகிறாள். புருஷன் போர்வெல் ரிக்கோடு வருஷத்தில் பாதி ஒடிசாவில் கிடப்பான். அவளுக்கும் அந்தப் பித்து உண்டு. வடக்கே லோடு போகும் டிரைவர்களிடம் சொல்லி வைத்திருப்பாள். ஜபல்பூர்ப் பக்கத்து ஓட்டை உடைசல் கடைகளில் பட்டாளத்துச் சாமான் எதுவும் கண்ணில் பட்டால் வாங்கி வந்து கொடுப்பார்கள். அவளும் கந்தவேலும் பல வருஷமாகப் பொருள் மாற்றிக்கொள்கிறவர்கள். 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள்.

"இதுதான் அம்முணி நடுப்பெட்டிக்கு" என்றார் கந்தவேல். "எங்க தாத்தா ஜெர்மன்காரனப் பிடிச்சப்ப அவன் இடுப்புல இருந்து அவுத்தது."

தோல் பெல்ட்டில் இரும்புப் பக்கிள். நடுவில் ரெக்கை மடக்கிய கழுகு, சுற்றி ஜெர்மன் எழுத்து. அவளுடைய அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், இதே மாதிரி ஒன்று இருந்து தொலைந்துபோயிருந்தது. ஆனால் இந்தப் பக்கிள்களை ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. கந்தவேலும் அதைத்தான் சொன்னார். உங்க அப்புச்சிதும் இதுவும் கூடப் பிறந்ததாட்டம் இருக்கும் பாருங்க என்று சிரித்தார். சிரித்துவிட்டு டீ குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

பெட்டிக்குள் கவ்வி வைப்பதற்காக அவள் பக்கிளைத் தோலிலிருந்து கழற்றித் திருப்பினாள். கட்டைவிரல் பக்கிளின் முதுகில் பட்ட உடனே நின்றுவிட்டது. முன்பக்கமெல்லாம் பழைய கறை அப்படியே இருக்க, முதுகில் மட்டும் ஒரு இடம் வழவழவென்று இருந்தது. கிரைண்டர் சுற்றின சுழி வெளிச்சத்தில் தெரிந்தது. மேலே கறுப்புச் சாயம் ஏற்றி மறைத்திருந்தார்கள்.

லாரித் தொழிலில் இருக்கிறவளுக்கு இதற்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டாம். திருட்டு லாரியை விற்கிறவன் முதலில் செய்கிற காரியம் சேசிஸ் நம்பரைத் தேய்த்து அழிப்பதுதான். ஆனால் பக்கிளுக்கு ஏது நம்பர்? பின்பக்கத்தில் என்ன இருந்தது என்று இவ்வளவு சிரமப்பட்டுத் தேய்த்திருக்கிறார்கள்?

அப்போதுதான் அவளுக்கு அம்மா செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது.

அவள் அம்மா ராசம்மாளின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் கோபம் யாருக்கும் விளங்காது. ராசம்மாளின் அப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். உலகப்போரின்போது லிபியாப் பாலைவனத்தில் ஓட்டினார். திரும்பி வந்தபோது கொண்டுவந்த கழுகுப் பக்கிளை, நம் பக்கத்துக் குடியானவர்கள் வேட்டிக்கு மேலே கட்டுகிற அகலமான பச்சைப் பெல்ட்டில் வைத்துத் தைத்துக்கொண்டார். மாட்டுச்சந்தையில் அவருக்குப் பேரே கழுகுப் பெல்ட்டுக்காரர்தான். கடைசிக் காலத்தில் மகன் சின்னண்ணன் வீட்டில் தங்காமல் மகள் வீட்டில் தங்கி, சாகும்போது அந்தப் பெல்ட்டை மகளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். சின்னண்ணனுக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ராசம்மாள் அப்பன் கொடுத்ததைச் சீராக நினைத்தாள். சீர்ப் பாத்திரத்துக்கு என்ன செய்வோமோ அதையே இதற்கும் செய்தாள். பாத்திரக் கடைக்கு எடுத்துப்போய்ப் பின்பக்கம் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிக்கொண்டு வந்தாள். பழஞ்சாமான் சேர்க்கிறவர்கள் கேட்டால், பொருள் கெட்டதே என்று நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். சண்முகப்பிரியாவும் அன்றைக்கு அடித்துக்கொண்டு கத்தினாள். ராசம்மாள் அசரவில்லை. பேர் இல்லாத சாமான் பந்தியில் வெச்சா பக்கத்து ஊட்டுக்குப் போயிரும் சாமி என்றாள்.

பேர் வெட்டியும் போனது. ஒரு நாள் பச்சைப் பெல்ட் மட்டும் ஆணியில் தொங்கியது, பக்கிள் இல்லை. கந்தவேல் தம்பி வந்து, பிரியாதான் குடுக்கச் சொன்னான்னு சொல்லி, போட்டோ எடுத்துட்டுத் தந்தர்றேன்னு வாங்கிட்டுப் போச்சு என்றாள் ராசம்மாள். கந்தவேலைக் கேட்டால் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சத்தியம் செய்ததோடு விடவில்லை. அம்மா அன்றைக்குப் பாத்திரக்காரனிடம் என்னமோ கொடுத்து ஒரு போசி வாங்கிக்கொண்டிருந்ததை வாசலில் பார்த்ததாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். போசி என்பது குழம்புப் பாத்திரம். அந்த வாரம் ராசம்மாள் கிழிந்த பட்டுச்சேலைகளைப் போட்டு ஒரு எவர்சில்வர் போசி வாங்கியது நிஜம். புதுப் போசி அடுப்படியில் பளபளவென்று சாட்சியாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான், கதை முடிந்தது. பக்கிளைப் போட்டுப் போசி வாங்கினவள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கந்தவேல் அதற்கும் மேலே போய், சண்முகப்பிரியாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு சேலத்துப் பழைய இரும்புக் கடைகளெல்லாம் ஏறி இறங்கித் தேடித் தந்தார். தன் வீட்டுப் பீரோவில் இருக்கிற பொருளைத் தேடி அப்படி வேர்க்க விறுவிறுக்க அலைந்தவனை நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு ராசம்மாள் 'போசி ராசம்மா' ஆனாள். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எங்கே போனாலும் யாராவது ஒருத்தி, அக்கா, போசி எப்படி, ஒழுகாம இருக்குதா என்பாள். பந்தி முழுக்கச் சிரிக்கும். நான் குடுக்கலீங்க சாமி என்று அவள் ஆரம்பிப்பாள், சிரிப்பு இன்னும் பெரிதாகும். சண்முகப்பிரியாவே இரண்டொரு தரம் சிரித்திருக்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அண்ணன் சின்னண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அப்பன் பொருளைப் பாத்திரத்துக்குப் போட்டவள் தங்கச்சியே இல்லை என்று போக்குவரத்தை நிறுத்திவிட்டார்.

ராசம்மாள் செத்தாள். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வர வேண்டும். அதைப் போர்த்தித்தான் எடுக்க வேண்டும். சேதி போயும் சின்னண்ணன் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது, பிணம் வாசலில் காத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கந்தவேல்தான் தன் கடையிலிருந்து ஒரு பட்டுச்சேலை எடுத்து வந்து, எனக்கும் அக்கா மாதிரிதானுங்க என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்த்தினார். இப்படி ஒரு மனுஷனா என்று எல்லோரும் கும்பிட்டார்கள். சண்முகப்பிரியா அவர் காலிலேயே விழுந்தாள்.

இப்போது அவள் கையில் பக்கிள் இருந்தது, முதுகு தேய்த்த பக்கிள்.

பட்டறையில் எப்போதும் ஒரு குப்பியில் காப்பர் கலந்த ஆசிட் இருக்கும். பழைய லாரி வேலைக்கு வந்தால் சேசிஸைச் சோதிக்காமல் அவள் கை வைக்க மாட்டாள். இரும்பில் குத்தின எழுத்து மேலோடு நிற்பதில்லை, அடியிலும் நசுங்கிய தடம் இறங்கியிருக்கும். மேலே தேய்த்தாலும் அந்தத் தடம் போகாது. ஆசிட் தடவினால் அந்த இடம் மட்டும் வேறு நிறமாக எழும். பஞ்சில் நனைத்து ஓரத்தில் மட்டும் மெதுவாகத் தடவினாள். புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. 'ரா' என்று வந்தது.

முதலில் வந்தது கொலைவெறி. அழுகையெல்லாம் வீட்டுக்குப் போன பிறகுதான். அம்மா கடைசியாகப் போர்த்திக்கொண்டு போனது அந்தத் திருட்டுக் கை கொடுத்த சேலை என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. கும்பிட்டு விழுந்த தன் நெற்றியை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? போலீசுக்குப் போனால் ஒரு பக்கிளுக்கா கேஸ் என்று கேட்பார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் கந்தவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கதை சொல்வார். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. அம்மாவைப் பார்த்துச் சிரித்த ஊர் முன்னால், முக்கியமாக மாமன் சின்னண்ணனின் காதில் விழும்படி, கந்தவேலின் வாயாலேயே அது வர வேண்டும். அம்மாவின் பேர் திரும்பி வர வேண்டும். எண்ணெய் போட்டுத் துடைத்து, திரும்பச் சாயம் ஏற்றி, கழுகைத் தோலில் மாட்டினாள். பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ஒரு சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

சின்னண்ணனை வரவழைப்பதுதான் பெரும்பாடு. மல்லசமுத்திரம் பக்கத்தில் அவருடைய தென்னந்தோப்புக்கு நேரில் போனாள். அவர் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. வந்தவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. போசியில மோந்து குடிச்சிக்கோ என்று மட்டும் சொன்னார். அவள் அதை விழுங்கிக்கொண்டாள். இளம்பிள்ளையில் ஒரு சேலைக்கடைக்காரர் தன் தாத்தாதான் இந்தச் சீமையிலேயே ஜெர்மன்காரனைப் பிடித்தவர் என்று விழா எடுக்கிறார், அப்புச்சியின் பக்கிள் மாதிரியே ஒன்றையும் காட்டுகிறார் என்றாள்.

கிழவருக்கு மீசை துடித்தது. எழுந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பன் ஒருத்தந்தான் இந்தச் சீமையில ஜெர்மன்காரனப் பாத்தவன். எவன்டா அவன்? வாரேன், வந்து கேக்கறேன்."

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. சேலம், கோயம்புத்தூர், பெங்களூரிலிருந்தெல்லாம் சாமான் சேர்க்கிறவர்கள் வந்திருந்தார்கள். சேலை வியாபாரிகள், சொந்தக்காரர்கள், ராசம்மாளைப் பந்தியில் கேலி பண்ணின பெண்கள்கூட இரண்டு மூன்று பேர் கடையில் தள்ளுபடி உண்டு என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். கந்தவேலுக்குப் பொன்னாடைமேல் பொன்னாடையாக விழுந்துகொண்டிருந்தது. சின்னண்ணன் பின்வரிசையில் ஒரு நாற்காலியில் கைத்தடியை ஊன்றி, தாடையை அதன்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

கந்தவேல் மைக்கைப் பிடித்துத் தாத்தா கதையைத் தொடங்கினார். பாலைவனம், மணல் புயல், கைகலப்பு எல்லாம் வந்தது. அவருடைய தாத்தா இளம்பிள்ளையைத் தாண்டி ஆட்டையாம்பட்டி வரைக்கும் போனவரா என்பதே சந்தேகம். கதை உச்சிக்குப் போன நேரத்தில் சண்முகப்பிரியா நடுப்பெட்டியைத் திறந்தாள். விளக்கைச் சரி பண்ணுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் பக்கிளைக் கழற்றி, திறந்திருந்த ஜன்னல் திட்டில் ஒரு பீங்கான் தட்டை வைத்து, முதுகு மேலே தெரியும்படி அதில் போட்டாள். பட்டறைக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"அம்முணி, அதைக் கீழ வைங்க" என்றார் கந்தவேல், மைக்கிலேயே.

"முன்பக்கம் நீங்க சொல்லீட்டீங்க. முதுகுல என்ன எழுதியிருக்குதுன்னு நான் காட்டறனுங்க அண்ணா."

பஞ்சை நனைத்து நன்றாகத் தேய்த்தாள். சேர்க்கிறவர்களுக்குப் பொருளின் முதுகில் இருக்கும் முத்திரை என்றால் சோறு தண்ணி வேண்டாம்; அத்தனை பேரும் ஜன்னலை மொய்த்துக்கொண்டார்கள். கந்தவேல் உள்ளே நுழையப் பார்த்தார், கூட்டம் விடவில்லை. வழவழப்பான இடத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கறுத்து மேலே வந்தன. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். ராசம்மாள். அதற்குக் கீழே, அப்பன் சீர். செல்போன்கள் மேலே எழும்பின. கேலி பண்ணின பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னண்ணன் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. எவளோ வித்தை காட்டுகிறாள், அதற்கு நான் எழுந்து போவதா என்ற வீம்பு.

ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். கந்தவேலைக் குறைவாக எடை போட்டுவிட்டாள். அந்த மனுஷன் ஒரு நொடி வெளிறினார், மறுநொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"ஆமாங்க, ராசம்மாள் அக்காளோடதுதான். அவங்க பாத்திரக்காரனுக்குப் போட்டதை நாந்தான் அவன்கிட்டத் தேடிப் புடிச்சு வாங்கினேன். செத்துப்போன அக்கா பேரு சந்தி சிரிக்கக் கூடாதுன்னுதான் பேரை அழிச்சேன். எங்க தாத்தாதுன்னு சொன்னதும் அதுக்காகத்தானுங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. நல்ல மனுஷன், பாவம், இவள் இப்படிச் சபையில் வைத்து அவமானப்படுத்துகிறாளே என்று ஒரு வியாபாரி முணுமுணுத்தார். பின்வரிசையிலிருந்து சின்னண்ணனின் குரல் வந்தது. இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன், போசிக்குத்தான் போட்டிருக்கறா என்றார்.

அம்மாவை மறுபடியும், இந்தத் தடவை சண்முகப்பிரியாவே கூட்டிக்கொண்டு வந்து சபையில் நிறுத்தி, அம்மாவின் பேரைக் கொண்டே அம்மாவை அடிக்க வைத்துவிட்டாள். இதைவிட அந்தப் பக்கிள் கண்ணிலேயே படாமல் இருந்திருக்கலாம். கந்தவேலை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. அவர் கண் தட்டிலேயே இருந்தது. ஆசிட் இன்னும் இரும்பில் இருக்கிறதே, யாராவது துடைக்கக் கூடாதா என்று அவர் விரல்கள் துடித்தன. காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரிந்தது. அவளும் அதே பித்துப் பிடித்தவள்தானே.

பையில் இன்னொரு குப்பி இருந்தது. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் புழங்குகிற கடுமையான ஆசிட். காரியம் கெட்டால் யாருக்கும் இல்லாமல் பண்ணிவிடலாம் என்று கோபத்தில் போட்டுக்கொண்டு வந்தது. மூடியைத் திறந்து தட்டில் ஊற்றினாள்.

இரும்பு பொங்கியது. பழுப்பு நிறத்தில் புகை எழுந்து ஜன்னல் வழியே போனது. மொய்த்திருந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது. அதனால் கந்தவேலுக்கு வழி கிடைத்தது, ஆனால் கையை எங்கே வைப்பது?

"எம்பட பொருளு அது! காசு குடுத்து வாங்குனது!"

"எங்கம்மா வித்தாங்களா, நீங்க எடுத்தீங்களா? நெசத்தச் சொல்லுங்க, நிறுத்தறேன்."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்களே, அதை அன்றைக்குத்தான் அவள் நேரில் பார்த்தாள். கத்தவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். முதுகில் வந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. அடியில் நனைந்து கிடந்த கழுகு நுரைத்தது. தட்டின் ஓரத்தில் ரெக்கைப் பக்கம் மெலிந்து மொறுமொறுவென்று ஆவது தெரிந்தது. பெங்களூர்க்காரர் ஒருவர், ஐயோ அம்மா, அது என்ன பொருள் தெரியுமா என்று தலையில் கை வைத்தார்.

"கழுகு போகுதுங்க அண்ணா. பாருங்க, தலை போகுது."

கந்தவேல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விக்கலீங்க! அந்தம்மா விக்கல. போட்டோ எடுத்துட்டுத் தந்தர்றேன்னு நாந்தான் வாங்கிட்டு வந்தேன். போசி கதையும் நாந்தான் கட்டி உட்டேன். போதுமா? நிறுத்து சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கீழ்த்தளத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்கள் வரைக்கும் ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது. எத்தனையோ பந்திகளில், எத்தனையோ பேரிடம், நான் குடுக்கலீங்க சாமி என்று ராசம்மாள் சொல்லிச் சொல்லி ஓய்ந்த ஒரே வாக்கியத்தை, அவளிடம் திருடினவனின் வாய் ஊருக்குச் சொல்லி முடித்தது.

சண்முகப்பிரியா குப்பியைச் சாய்த்து மிச்சத்தையும் ஊற்றினாள்.

"நிறுத்தறேன்னு சொன்னயே" என்று அலறினார் கந்தவேல்.

"நீங்களும் தந்தர்றேன்னுதானுங்க அண்ணா சொன்னீங்க."

அவர் எழுந்து ஓடித் தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து தட்டில் கவிழ்த்தார். வேட்டியெல்லாம் நனைந்தது, பொன்னாடைகள் ஈரத்தில் மிதிபட்டன. தண்ணீருக்கு அடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் இரண்டாவது பெட்டியருகே நின்று, அதற்குள் இருந்த தண்ணீர்க் குப்பியையே குறுகுறுவென்று பார்த்தார். இதன் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க, என் வீட்டில் ஒன்று காணாமல்போனது என்றார். அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கந்தவேலின் கூடம் திறந்த அன்றைக்கே மூடியது.

அவளையும் யாரும் பாராட்டவில்லை. சேர்க்கிறவர்களுக்கு அவள் ஒரு கொலைகாரி. பெங்களூர்க்காரர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் படியிறங்கினார். அப்புச்சி லிபியாவிலிருந்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்ததை அவளே அழித்துவிட்டாள். அந்த வலி இனிமேல் ஆயுசுக்கும் உண்டு. அதற்காகச் சந்தோஷம் இல்லை என்று பொய் சொல்வானேன்? இருந்தது. கந்தவேல் நனைந்த வேட்டியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு நிறைந்தது.

கேலி பண்ணின பெண்கள் அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னார்கள். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இடுக்கியால் பக்கிளை எடுத்து, சோடா உப்புக் கலந்த தண்ணீரில் அலசி, பஞ்சில் துடைத்தாள்.

கைத்தடிச் சத்தம் பின்னால் வந்து நின்றது. சின்னண்ணன். கூட்டம் முழுவதும் விலகின பிறகுதான் கிழவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். அவர் முகம் வெந்துபோன மாதிரி இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையிலும் விரித்து ஏந்தினார், கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி.

"அதை எனக்குக் குடு சாமி. எங்கப்பன் இடுப்புல இருந்தது. எந்தங்கச்சி பேரு இருக்குதாமில்ல அதுல."

அவள் துண்டில் வைத்தாள். அவர் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு பக்கம் அரித்துப்போய்ச் சொரசொரவென்று ஒரு மேடு, கழுகு என்று சொன்னால் நம்ப வேண்டியதுதான். திருப்பினார். முதுகில் ஒன்றும் இல்லை. கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார், தடவின இடத்தையே மறுபடியும் தடவினார். யாரோ ஒருவன் இரக்கப்பட்டுத் தன் செல்போனை நீட்டி, இதில் போட்டோ இருக்கிறது தாத்தா என்றான். அவர் அதைப் பார்க்கவில்லை.

"பேரு எங்க சாமி?" என்றார்.

"இத்தன நேரம் இருந்துதுங்க மாமா" என்றாள் சண்முகப்பிரியா. "எல்லாரும் பாத்தாங்க. நீங்கதான் எந்திரிச்சு வரலீங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கிழவர் துண்டை ஏந்தியபடி அங்கேயே நின்றார்.